எம்பிபிஎஸ் சேர புது கவர்மெண்ட் காலேஜா, பேர் உள்ள பிரைவேட்டா, இல்ல இன்னொரு வருஷம் உக்காரணுமா? நாளைக்கழிச்சு சாய்ஸ் ஃபில்லிங் (எந்த காலேஜ் வேணும்னு வரிசையா லிஸ்ட் போடறது) முடியுது

#1 கரிசக்காட்டுக்காரி
வணக்கம். தம்பிக்காக எழுதுறேன், அவன் போன நீட்ல விட்டு ஒரு வருஷம் வீட்ல இருந்து படிச்சு இந்த 2025ல மறுபடி எழுதினான். பிசி, கோவில்பட்டி பக்கம். ஸ்டேட் ரேங்க் லிஸ்ட் வந்தாச்சு, கம்யூனிட்டி ரேங்க்க வச்சு பாத்தா போன வருஷம் கவர்மெண்ட் சீட் எந்த இடத்துல முடிஞ்சுதோ அதுக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கிறான். உள்ளயும் இல்ல வெளியயும் இல்ல, வாசப்படில ஒரு கால்.

வீட்ல மூணு கட்சி. அம்மாவுக்கு எந்த ஊரா இருந்தாலும் கவர்மெண்ட் காலேஜ். சித்தப்பா சொல்றாரு புது காலேஜ்ல வாத்தியாரே கிடையாதாம், அதுக்கு பேர் உள்ள பிரைவேட்ல கவர்மெண்ட் கோட்டா வருஷத்துக்கு நாலரை லட்சம் கட்டி சேக்கலாமாம். தம்பி இன்னொரு வருஷம் படிச்சா எம்எம்சியே (மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்) வாங்கிருவேங்கான். அப்பா லாரி ஓட்டுறாரு, தீப்பெட்டி லோடு, மாசத்துல பாதி நாள் ரோட்லதான், அவர் எதுவுமே சொல்லல, அதுதான் எனக்கு பயமா இருக்கு. நான் பி.காம், எனக்கு இதுல அ ஆ தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 பழைய_ஸ்டெத்
தங்கச்சி, முதல்ல ரெண்டு கேள்வி. தம்பி கவர்மெண்ட் ஸ்கூலா, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வருமா? ஆல் இந்தியா கோட்டாவுக்கு எம்சிசில, அதான் சென்ட்ரல்ல இருக்கற மெடிக்கல் கவுன்சிலிங் கமிட்டில, தனியா ரிஜிஸ்டர் பண்ணீங்களா? நம்ம ஸ்டேட் கவர்மெண்ட் காலேஜ் சீட்ல 15 சதவீதம் அங்க போகுது, நிறைய பேர் சென்னைல நம்ம ஸ்டேட் கமிட்டில மட்டும் அப்ளை பண்ணிட்டு சும்மா இருந்துடுறாங்க.

#3 கரிசக்காட்டுக்காரி
அண்ணே, ரெண்டுலயும் அடி. 9லேந்து 12 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், ஆனா 8 வரைக்கும் வீட்டுக்குப் பக்கத்துல எய்டட் ஸ்கூல். 6லேந்து 12 வரைக்கும் முழுசா கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருக்கணுமாம். அப்போ நடந்து போற தூரம்னு சேத்தாங்க, 7.5னு ஒண்ணு 2020ல வரும்னு யாருக்கு தெரியும்.

எம்சிசில ரிஜிஸ்டர் பண்ணான், ஆனா ஜெனரல்ல. ஓபிசில போடணும்னா நம்ம தாசில்தார் குடுத்த பிசி சர்டிபிகேட் செல்லாதாம், சென்ட்ரல் ஃபார்மட்ல நான்கிரீமி லேயர்னு (வசதி வரம்புக்கு மேல போகாத குடும்பம்னு) தனியா வாங்கணுமாம். எங்ககிட்ட யாரும் சொல்லல, அங்க முதல் ரவுண்டுல ஒண்ணும் வரல.

#4 பழைய_ஸ்டெத்
இந்த ஓபிசி சர்டிபிகேட் கதைய நான் வருஷா வருஷம் கேக்கறேன். இத படிக்கிற ப்ளஸ் டூ பிள்ளைங்க யாராவது இருந்தா இப்பவே இ-சேவைல போட்டு வைங்க. ஸ்டேட் கவுன்சிலிங்குக்கு கிரீமி லேயர் பேச்சே கிடையாது, நம்ம ஸ்டேட்டோட 69 சதவீத ஒதுக்கீடு வேற கணக்கு. ஆல் இந்தியா கோட்டால ஓபிசி 27 சதவீதம், அந்த ஃபார்மட் இல்லேன்னா அந்தக் கதவு திறக்காது.

இன்னொண்ணு, மார்க்க வச்சு போன வருஷத்தோட ஒப்பிடாதீங்க. 2024ல 720க்கு 720 வாங்கினவங்களே ஒரு கூட்டம் இருந்தாங்க, 2025ல நாட்டுலயே முதல் மார்க் 686. ரேங்க் மட்டும் பாருங்க, நீங்க அதத்தான் செஞ்சிருக்கீங்க, கரெக்ட்.

#5 சும்மா_எட்டிப்பாத்தேன்
சிஸ்டர் என் அட்வைஸ் என்னன்னா லிஸ்ட்ல மேல எம்எம்சி ஸ்டான்லி எல்லாம் போட்டு வேஸ்ட் பண்ணாதீங்க, கிடைக்காதத மேல போட்டா சிஸ்டம் அத பாத்துட்டு நம்மள தள்ளிவிட்டுட்டு அடுத்த ஆளுக்கு போயிடும், கிடைக்கிற காலேஜ மொதல்ல போடுங்க அதான் சேஃப், எங்க மாமா பையன் அப்படித்தான் போட்டு சீட் வாங்கினான்

#6 கணக்கு_வாத்தி
மேல #5 சொன்னது சுத்தத் தப்பு, தயவுசெஞ்சு யாரும் அத செய்யாதீங்க. இந்த ஒரு நம்பிக்கையால எத்தன பிள்ளைங்க நல்ல சீட்ட கைல இருந்து விட்டிருக்குன்னு எனக்குத் தெரியும், ட்யூஷன் எடுக்கறவன் நான்.

கம்ப்யூட்டர் என்ன செய்யுதுன்னா, ரேங்க் லிஸ்ட்ல முதல் ஆள கூப்பிடுது. அவன் லிஸ்ட்ட மேலேந்து கீழ பாக்குது, அவன் கேட்டகிரில எது காலியா இருக்கோ அதுல முதலாவது வர்றத குடுத்துட்டு அடுத்த ரேங்க்குக்கு போகுது. உங்க தம்பி முறை வரும்போது எம்எம்சி ரொம்பிருந்தா அடுத்த வரிக்கு எறங்கும், அதுவும் ரொம்பிருந்தா அதுக்கடுத்தது. மொத்த லிஸ்ட்டயும் பாத்து முடிக்கற வரைக்கும் அவன விட்டுட்டு நகராது. மேல நாப்பது கிடைக்காத காலேஜ் போட்டாலும் ஒரு நயா பைசா நஷ்டம் இல்ல. பந்தில எல கேட்டு நிக்கறது மாதிரி இது கிடையாது, உங்க முறை வந்தா உங்களுக்கு பரிமாறிட்டுத்தான் அடுத்த எல.

ஆனா கிடைக்கிறத மேல போட்டீங்கன்னா என்ன ஆகும்? நீங்க ரெண்டாவதா விரும்புற காலேஜ் அன்னைக்கு அதிசயமா காலியா இருந்தாக்கூட கம்ப்யூட்டர் மேல இருக்கறத குடுத்துட்டு போயிடும். உங்க மாமா பையனுக்கு அதவிட நல்லது கிடைச்சிருக்கலாம் தம்பி, அது அவனுக்கே தெரியாது.

அதனால ஒரே விதிதான். மனசுல எது முதல்ல வேணுமோ அது முதல்ல. கிடைச்சாலும் போக மாட்டேன்னு இருக்கற காலேஜ எழுதவே கூடாது.

#7 சும்மா_எட்டிப்பாத்தேன்
சரி சார் எனக்கு அப்படி சொன்னாங்க நான் சொன்னேன்

#8 நைட்_ட்யூட்டி_தம்பி
அக்கா நான் 2022ல திறந்த 11 காலேஜ்ல ஒண்ணுல படிக்கிறேன், முதல் பேட்ச். ஞாபகம் இருக்கா, விருதுநகர் நாமக்கல் நீலகிரி திருப்பூர் திருவள்ளூர் நாகப்பட்டினம் திண்டுக்கல் கள்ளக்குறிச்சி அரியலூர் ராமநாதபுரம் கிருஷ்ணகிரி, ஒரே நாள்ல தொறந்தாங்க. எது என்னுதுன்னு சொல்லல, சீனியர் யாராவது இருப்பாங்க (சீனியர் கிடையாது, நாங்கதான் சீனியர் 😄).

சித்தப்பா சொல்றது பாதி உண்மை. முதல் வருஷம் அனாடமி, ஃபிசியாலஜில ஆள் பத்தல, ஒரே மேடம் மூணு பேர் வேலைய பாத்தாங்க. லைப்ரரில புக் கட்டு பிரிக்காம கிடந்துச்சு, ஹாஸ்டல்ல தண்ணி லாரி வந்தாத்தான் குளியல். யார்கிட்ட நோட்ஸ் கேக்கறது, வைவால என்ன கேப்பாங்கன்னு சொல்ல ஒரு அண்ணன் அக்கா கிடையாது.

ஆனா வார்டுக்கு போக ஆரம்பிச்சதும் கதை மாறிடுச்சு. காலேஜ்தான் புதுசு, ஆஸ்பத்திரி பழைய ஜில்லா தலைமை ஆஸ்பத்திரி, சுத்துப்பட்டு கிராமம் முழுக்க அங்கதான் வரும். பாம்புக்கடி, பூச்சி மருந்து குடிச்ச கேஸ், பைக் ஆக்சிடெண்ட், ராத்திரி ரெண்டு மணி பிரசவம். எங்க வார்டுல பிஜி (எம்டி, எம்எஸ் படிக்கிற) ஆளுங்க இல்ல. அதனால எல்லாம் நம்ம கைக்கு வருது. லேபர் ரூம்ல முதல் தடவ நின்னப்ப எனக்கு க்ளவுஸ்குள்ள கை நனைஞ்சு வழுக்குது, தலை தெரியுது, நான் இழுக்கப் போறேன், ஸ்டாஃப் நர்ஸ் அக்கா என் மணிக்கட்ட பிடிச்சுக்கிட்டு "இழுக்காத டாக்டரு, அது தானா வரும், நீ கீழ தாங்கு"ன்னாங்க. எந்த புக்லயும் அத நான் அப்படி படிக்கல. என் ஃப்ரெண்டு பெரிய பழைய காலேஜ்ல இருக்கான், அவன் இன்னும் நாலாவது வரிசைல நின்னு எட்டிப் பாக்கறான்.

#9 பழைய_ஸ்டெத்
அந்த நாலாவது வரிசை நான்தான் தம்பி 😀 தெக்குல ஒரு 250 சீட் காலேஜ்ல படிச்சேன். டிசெக்‌ஷன் ஹால்ல ஒரு பாடிய சுத்தி அத்தன பேர், நான் குள்ளம், ஸ்டூல் போட்டு ஏறி நின்னாத்தான் பிரேக்கியல் ப்ளெக்சஸ் (கைக்கு போற நரம்புப் பின்னல்) தெரியும், அதுவும் முன்னாடி நிக்கறவன் தலைய நகத்தினா. ஹவுஸ் சர்ஜன் ஆனப்ப ரத்தம் எடுக்கறது, சாம்பிள தூக்கிட்டு லேபுக்கு ஓடறது, ட்ராலி தள்ளறது, இதுல பாதி வருஷம் போச்சு, ப்ரொசீஜர் எல்லாம் பிஜி அண்ணனுங்க எடுத்துக்குவாங்க.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அத விட்டுட்டு பேசக்கூடாது. பழைய காலேஜ்ல கார்டியாலஜி, நெஃப்ராலஜி, நியூரோன்னு எல்லா டிபார்ட்மெண்ட்டும் ஒரே காம்பவுண்டுல. மாவட்ட ஆஸ்பத்திரி 'ரெஃபர்'னு எழுதி ஆம்புலன்ஸ்ல ஏத்துற கேஸ் எங்ககிட்டதான் வந்து சேரும், அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு நாங்க பாத்தோம், புது காலேஜ் பசங்களுக்கு ஆம்புலன்ஸ் கதவு சாத்தறதோட கேஸ் முடிஞ்சுது. அப்புறம் சீனியருங்க. பிஜி நீட்டுக்கு எப்ப உக்காரணும், எத விடணும்னு கேண்டீன்லயே தெரிஞ்சுக்குவோம். எம்எம்சி 1835ல இருந்து இருக்குன்னா அந்தக் கட்டடத்துல கல்லு மட்டும் பழசில்ல, பழக்கமும் பழசு.

வாத்தியார் விஷயத்துல பழசு புதுசு வித்தியாசம் பாக்காதீங்க. ஆள் பத்தலன்னு என்எம்சி (நேஷனல் மெடிக்கல் கமிஷன்) நோட்டீஸ் 2025ல பழைய காலேஜுகளுக்கும் சேத்துத்தான் வந்துச்சு.

என் ஆர்டர்: பழைய கவர்மெண்ட் காலேஜ் எல்லாம் மேல, அதுக்கு கீழ புது கவர்மெண்ட் காலேஜ் எல்லாம், ஊரு தூரம் பாக்காம. எல்லாத்துக்கும் எம்ஜிஆர் யுனிவர்சிட்டி பரீட்சைதான், அதே கொஸ்டின் பேப்பர், அதே டிகிரி.

#10 பொண்ணோட_அப்பா
மகளே, பிரைவேட் பத்தி நான் சொல்றேன், என் பொண்ணு மூணாவது வருஷம் கவர்மெண்ட் கோட்டால படிக்குது. காலேஜ் பேர் வேண்டாம். நாலரை லட்சம்னு பேப்பர்ல இருக்கறது ட்யூஷன் மட்டும். சேர்ற அன்னைக்கு கவுண்டர்ல ஒரு துண்டுச் சீட்டு குடுத்தாங்க, ஹாஸ்டல், மெஸ், பஸ், யூனிஃபார்ம், லேப், "இதர"ன்னு. அந்த இதரதான் ரொம்ப பெருசு. ரசீது கேட்டா அடுத்த வாரம் வாங்கன்னாங்க, அந்த வாரம் இன்னும் வரல.

படிப்ப குறை சொல்ல மாட்டேன், ப்ரொஃபசருங்க தெனம் வர்றாங்க, க்ளாஸ் தவறாது, ஏசி லைப்ரரி. ஆனா ஆஸ்பத்திரில நோயாளி குறைவு. பொண்ணு போன்ல சொல்லுது, ஒரே தாத்தாவ பத்து பேர் மாத்தி மாத்தி வயித்த அமுக்கி பாக்கறோம்ப்பா, அவரு எங்களுக்கே சொல்லித்தராரு கல்லீரல் எங்க இருக்குன்னு. இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னைக்கு மட்டும் பெட்டு ரொம்பிடுமாம்.

எல்லா பிரைவேட்டும் இப்படி இல்ல. வேலூர் சிஎம்சி மாதிரி ஃபீஸும் கம்மி கூட்டமும் ஜாஸ்தின்னு இருக்கற இடம் உண்டு, ஆனா அந்த ரேங்க் வேற. நீங்க பிரைவேட் போடறதா இருந்தா திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு நேர்ல போங்க, ஓபி சீட்டு குடுக்கற வரிசைய எண்ணுங்க. அப்படியே ராத்திரி பத்து மணிக்கு கேஷுவாலிட்டி வாசல்ல ஒரு டீ குடிங்க, எத்தன ஆம்புலன்ஸ் வருதுன்னு தெரிஞ்சுடும். ஹவுஸ் சர்ஜன் பசங்கள ஓரமா கூப்பிட்டு ஸ்டைபண்ட் கைக்கு வருதான்னு கேளுங்க. வெப்சைட்ல இருக்கற போட்டோவ நம்பாதீங்க.

#11 கரிசக்காட்டுக்காரி
ஐயா ரொம்ப நன்றி. பேங்க்ல போய் கேட்டேன், ஏழரை லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம தருவாங்களாம், அதுக்கு மேலன்னா சொத்து பத்திரம். எங்கட்ட இருக்கறது குடியிருக்கற வீடு ஒண்ணுதான். அந்த ஏழரை சதவீதம் கிடைக்கல, இந்த ஏழரை லட்சம் பத்தல, நாலரை வருஷத்துக்கு ட்யூஷன் மட்டுமே இருபது லட்சம் தாண்டுது. ஜாதகம் பாக்காமலே தெரியுது எங்க வீட்ல என்ன நடக்குதுன்னு.

#12 பழைய_ஸ்டெத்
😂 சிரிக்கக்கூடாதுதான், மன்னிச்சுக்கம்மா.

#13 ரெண்டு_ட்ராப்_போட்டவன்
தம்பிக்கு இத காட்டுங்க அக்கா. முதல் ட்ராப்ல (எங்கயும் சேராம ஒரு வருஷம் உக்காந்து மறுபடி நீட்டுக்கு படிக்கறது) எனக்கு நல்ல ஏத்தம், அந்த ருசில இன்னொண்ணு போட்டேன். ரெண்டாவது வருஷம் படிப்பு படிப்பாவே இல்ல, தெரிஞ்சதயே திருப்பித் திருப்பி பாக்கறது, டெஸ்ட்ல பத்து மார்க் குறைஞ்சா அன்னைக்கு சாப்பாடு இறங்காது. கல்யாண வீட்டுக்கு போறத நிறுத்தினேன், "இப்ப என்ன பண்ற"ன்னு கேப்பாங்கன்னு. கடைசில முதல் ட்ராப்ல வந்தத விட கம்மி ரேங்க், அப்ப வேண்டாம்னு விட்ட காலேஜே பரவால்லன்னு ஆகிப்போச்சு. இப்போ பிடிஎஸ் படிக்கிறேன், நல்லாத்தான் இருக்கேன். வயசு வரம்பு கிடையாது, எத்தன தடவ வேணா எழுதலாம்தான், அதுதான் பிரச்சினையே, நிறுத்தறதுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. கைல ஒரு கவர்மெண்ட் சீட் வந்தா எம்எம்சிக்காக அத விடறது மடத்தனம். சீட்டே வரலேன்னா அப்ப பேசலாம்.

#14 மூணாவது_அட்டெம்ப்ட்
யாராவது வெளிநாடு பத்தி சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டே படிச்சேன், நல்லவேளை யாரும் சொல்லல. நாளைக்கே ஏஜெண்ட் போன் பண்ணுவான், உங்க நம்பர் எப்படி கிடைச்சுதுன்னே தெரியாது, "பிரைவேட்ல கட்டுற காசுல பாதி, இந்தியன் மெஸ் இருக்கு"ம்பான். நான் போயிட்டு வந்தவன். வந்தப்புறம் எஃப்எம்ஜிஇ (வெளிநாட்டுல படிச்சவங்க இங்க டாக்டராக எழுத வேண்டிய பரீட்சை), 300 கேள்வி, 150 எடுத்தா பாஸ், கேக்க சின்னதா இருக்கும், என் பேரே பதில் சொல்லும். இப்ப 2021 ரூல்ல இன்னும் இறுக்கிட்டாங்க, 54 மாசம் இங்கிலீஷ்ல படிப்பு, அதே காலேஜ்ல 12 மாசம் இன்டர்ன்ஷிப், இங்க வந்து மறுபடி ஒரு வருஷம். போறவங்க போகட்டும், ஆனா அந்த ஊரு பாஷைல நோயாளிகிட்ட பேச முடியலேன்னா வார்டுல சுவரோரமா நிக்க வேண்டியதுதான், நான் நின்னேன்.

அப்புறம் "மேனேஜ்மெண்ட் சீட் கன்ஃபர்ம், அட்வான்ஸ் போடுங்க"ன்னு ஒருத்தன் வருவான். மேனேஜ்மெண்ட் சீட்டும் கவுன்சிலிங் வழியாதான், யாராலயும் தனியா எடுத்துத் தர முடியாது. போன கட் பண்ணிடுங்க.

#15 அப்க்ரேட்ல_மாட்டினவ
ரவுண்ட் 2 பத்தி ஒரு எச்சரிக்கை. எனக்கு ரவுண்ட் 1லயே வீட்ல இருந்து ஒரு மணி நேரத்துல காலேஜ் கிடைச்சு சேந்துட்டேன். ரவுண்ட் 2ல அப்க்ரேட் (இதவிட மேல போட்டது கிடைச்சா மாறிக்கறேன்னு) குடுத்தேன், பழைய லிஸ்ட்டயே காப்பி பண்ணி லாக் பண்ணிட்டேன், அதுல முன்னாடி யோசிக்காம போட்ட ரெண்டு தூரத்து காலேஜ் என் காலேஜுக்கு மேல இருந்துச்சு. அலாட் ஆயிடுச்சு. ஆன நிமிஷம் பழைய சீட் போச்சு, அங்க வேற யாரோ. வேண்டாம்னு சொல்ல வழியே இல்ல. அழுதேன், எங்க அம்மா இன்னமும் குத்திக்காட்டுவாங்க. கைல இருக்கறத விட நிஜமாவே வேணும்ங்கறத மட்டும் அப்க்ரேட்ல வைங்க. எந்த ரவுண்டுல விட்டா டெபாசிட் போகும், எந்த ரவுண்டுக்கு மேல விடவே முடியாதுன்னு அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கும், முப்பது பக்கம் போரடிக்கும், படிச்சிடுங்க.

#16 கரிசக்காட்டுக்காரி
நேத்து ராத்திரி அப்பா லோடு இறக்கிட்டு வந்தாரு, எல்லாரும் எழுதினத அவருக்கு வாசிச்சு காட்டினேன். முழுசா கேட்டுட்டு ஒண்ணுதான் கேட்டாரு, "புது ஆஸ்பத்திரில கூட்டம் வருதாமா?" வருதாம்ப்பான்னேன். "அப்ப போதும், ஓட்டி ஓட்டித்தான் ஓட்டப் பழகணும்"னு சொல்லிட்டு படுத்துட்டாரு.

லிஸ்ட் போட்டாச்சு. மேல எம்எம்சி, ஸ்டான்லி, மதுரை, திருநெல்வேலின்னு பழசெல்லாம் அவன் இஷ்டப்படி (கணக்கு சார் சொன்ன தைரியத்துல), கீழ புதுசெல்லாம், முதல்ல விருதுநகர். பிரைவேட் ஒண்ணு கூட போடல. சித்தப்பா கோவிச்சுக்கிட்டு டீ குடிக்காம போயிட்டாரு.

#17 சும்மா_எட்டிப்பாத்தேன்
பிரைவேட் ஒண்ணாவது கடைசில போட்டு வச்சிருக்கலாமே சிஸ்டர்

#18 கணக்கு_வாத்தி
கிடைச்சாலும் கட்ட முடியாத சீட்ட எதுக்கு எழுதணும்? அவங்க செஞ்சது சரி.

#19 கரிசக்காட்டுக்காரி
ரவுண்ட் 1 ரிசல்ட் வந்துச்சு. தம்பிக்கு ஒண்ணும் அலாட் ஆகல. பிசில கடைசி சீட்டுக்கும் இவனுக்கும் நடுவுல 31 பேர். எண்ணிட்டேன். அவன் சட்டையே மாத்தாம கட்டில்ல கிடக்கான். சித்தப்பா போன் பண்ணி "நான் அப்பவே சொன்னேன்"ன்னாரு.

#20 பழைய_ஸ்டெத்
31 பேர்னா பதறாதீங்க தங்கச்சி. எய்ம்ஸ், ஜிப்மர், ஆல் இந்தியா கோட்டான்னு எம்சிசில அடுத்தடுத்த ரவுண்டுல கிடைச்சு போறவங்க ஸ்டேட் சீட்ட விட்டுட்டு போவாங்க, மேல இருக்கறவன் ஒரு படி ஏறினா கீழ ஒரு இடம் காலியாகும். ரவுண்ட் 2க்கு சாய்ஸ் புதுசா போடணும், பழையது இருக்குன்னு விட்டுடாதீங்க. டிசி, பத்து பதினொண்ணு பன்னெண்டு மார்க்‌ஷீட், கம்யூனிட்டி, நீட் ஸ்கோர்கார்டு, எல்லாம் ஒரிஜினலும் மூணு செட் ஜெராக்ஸும் இப்பவே ஒரு பைல போட்டு வைங்க, அலாட் ஆனா சேர நாலஞ்சு நாள்தான் தருவாங்க.

#21 கரிசக்காட்டுக்காரி
வந்துடுச்சு!!! கிருஷ்ணகிரி!!! ரவுண்ட் 2ல!!!

அம்மா கிருஷ்ணகிரி எங்க இருக்குன்னு கேட்டாங்க, அப்பா சிரிச்சுட்டாரு, அவருக்கு அந்த ரோடு தூக்கத்துலயும் தெரியும், இருபது வருஷமா பெங்களூரு லோடு ஏத்திக்கிட்டு அந்த டோல்கேட்லதான் வரிசைல நிக்கிறாரு. "நம்ம ஊரு நாலுவழிச் சாலைல ஏறுனா திரும்பவே வேண்டாம், நேரா போயிட்டே இருந்தா கிருஷ்ணகிரி"ங்காரு. தம்பி எம்எம்சி பேச்ச எடுக்கல, ஸ்டெத் என்ன விலைன்னு போன்ல பாத்துட்டு இருக்கான். ஃபீஸ் வருஷத்துக்கு இருபதாயிரத்துக்குள்ள முடியுது, அப்பா பைலேந்தே எடுத்துக் குடுத்துட்டாரு.

#22 நைட்_ட்யூட்டி_தம்பி
வாழ்த்துக்கள் அக்கா 🎉 ஸ்டெத் இப்ப வாங்க வேண்டாம்னு சொல்லுங்க, முதல் வருஷம் பெருசா வேலை இல்ல, சேந்தப்புறம் எல்லாருமா மொத்தமா ஆர்டர் போட்டா கம்மியா வரும். வெள்ள கோட்டு ரெண்டு, முழுக்கை. ஃபார்மலின்ல கண்ணு எரியும், கைக்குட்டை நிறைய. போர்வை கண்டிப்பா, அந்தப் பக்கம் மார்கழி உங்க ஊரு மாதிரி இருக்காது.

#23 கரிசக்காட்டுக்காரி
போர்வை அப்பா லாரில இருக்கறத குடுத்துட்டாரு. வர்ற வியாழக்கிழமை பெங்களூரு லோடு இருக்காம், அதுலயே கூட்டிட்டு போய் விடறேங்காரு. தம்பி பஸ்ல போறேன்னு அடம் பிடிக்கான், தீப்பெட்டி லாரில போய் காலேஜ் வாசல்ல எறங்க மாட்டானாம். பஞ்சாயத்து போயிட்டு இருக்கு.